விதை: நாலு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே இரண்டு வாரப் பாடம்

ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு எழுத்து, எண், கைவேலை, கதை எல்லாவற்றையும் அதைச் சுற்றியே சொல்லிக்கொடுப்பது நல்ல முறைதான். ஆனால் பல வீடுகளில் தலைப்பு பெயருக்கு மட்டும் இருக்கும். 'கடல்' என்று வைத்துவிட்டு மீன் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வோம், மீன் படங்களை எண்ணச் சொல்வோம். குழந்தையின் கையில் மீனும் இருக்காது, கடலும் இருக்காது. அதே பாடத்தில் மீனை எடுத்துவிட்டு யானையை வைத்தாலும் எதுவும் மாறாது. மூன்றாம் நாளே குழந்தைக்குச் சலித்துவிடும்.

அதனால் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைப் பாருங்கள். அந்தப் பொருள் தினமும் குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும். நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் நாளுக்கு நாள் அது தானாக மாற வேண்டும். இரண்டும் சேர்ந்து, அஞ்சறைப்பெட்டிச் செலவில் முடிகிற பொருள் விதை. காலையில் எழுந்ததும் குழந்தை தானே ஓடிப்போய்ப் பார்க்கும். அந்த ஆர்வத்தின் மேல்தான் எழுத்தையும் எண்ணையும் ஏற்ற வேண்டும்.

இந்தக் குறிப்பு நாலு வயது முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளுக்கானது. பள்ளிக்குப் போகிற குழந்தைக்கு விடுமுறையிலும் செய்யலாம். எந்த மாதத்திலும் விதை முளைக்கும். ஆடி மாதமென்றால் கூடுதல் வசதி: 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொல்லுக்கு ஏற்ப ஊரிலும் விதைப்பு நடக்கும், கோயில்களில் முளைப்பாரியையும் பார்க்கலாம்.

சேர்த்து வைக்க வேண்டியவை

ஒரு வாரம் முன்பே சேகரிக்கத் தொடங்குங்கள். அதுவே பாடத்தின் முதல் பகுதி. பழம் தின்றதும் கொட்டையைத் துப்பிக் கழுவிக் காயவைக்கிற வேலையைக் குழந்தையிடமே கொடுத்துவிடுங்கள்.

முளைக்கவைக்க: தட்டப்பயறு 50 கிராம், தோலோடு முழுப் பாசிப்பயறு 50 கிராம், மக்காச்சோளம் 10 மணி, வெந்தயமும் கடுகும் ஆளுக்கொரு மேசைக்கரண்டி, பச்சை நிலக்கடலை ஒரு கைப்பிடி, நெல் ஒரு கைப்பிடி.

எண்ணவும் விளையாடவும்: கழுவி வெயிலில் காயவைத்த புளியங்கொட்டை 100. ஈரம் போகாமல் டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். இரண்டு நாள் நல்ல வெயில் வேண்டும்.

கூடவே ஒளி புகும் கண்ணாடி டம்ளர் நாலு, பழைய வெள்ளை வேட்டித் துணி, ஒரு தாம்பாளம், அட்டைப்பெட்டிகள், கொட்டாங்குச்சி இரண்டு.

விதைக்கடையில் பொட்டலமாக விற்கும் விதை இதற்கு வேண்டாம். இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறிய விதைகளில் பூஞ்சணக்கொல்லி மருந்து பூசியிருப்பார்கள். குழந்தை தொட்டு விளையாடவும், வாயில் வைக்க வாய்ப்புள்ள இடத்தில் இருக்கவும் அவை கூடாது. மளிகைக்கடைப் பயறே நன்றாக முளைக்கும். வாங்கியதும் பத்துப் பயறை நீங்கள் தனியாக முளைக்கவைத்துப் பாருங்கள். குறைந்தது ஏழு முளைத்தால் அந்தப் பயறு போதும். அதற்குக் குறைந்தால் பழைய சரக்கு, கடையை மாற்றுங்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது

வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் விதைகள் எல்லாம் மூடிய டப்பாவில், எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மூச்சுக்குழலில் சிக்குகிற பொருட்களில் கடலையும் பயறும் முக்கியமானவை. குழந்தை பயறை மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் குச்சியோ ஊக்கோ விட்டுக் குடையாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஈரம் பட்டால் பயறு உப்பி இன்னும் இறுகிக்கொள்ளும். நேராக மருத்துவரிடம் போங்கள்.

சில விதைகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு, மஞ்சள் அரளி, ஊமத்தை ஐந்தும் நஞ்சு. குன்றிமணி சிவப்பும் கறுப்புமாக அழகாக இருப்பதால் கைவேலைக்கு எடுக்கத் தோன்றும். அதைத் துளையிடுவதும் உடைப்பதும் இன்னும் ஆபத்து. நஞ்சு உள்ளே இருக்கிறது. அதற்குப் பதில் மஞ்சாடி எடுக்கலாம் என்பார்கள். பார்க்க ஒன்றுபோல இருப்பதைக் குழந்தைக்குப் பழக்கினால், வெளியே குன்றிமணியைக் கண்டதும் கை நீளும். இந்த வயதில் இரண்டையும் தவிர்ப்பதே சரி.

முதல் நாள்: ஊறவைப்பது

இரவு ஏழு மணிக்குத் தட்டப்பயறும் மக்காச்சோளமும் பச்சை நிலக்கடலையும் தனித்தனிக் கிண்ணத்தில் ஊறட்டும். மறுநாள் காலைவரை, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால், கோடையில் முக்கியமாக, நுரை கட்டிப் புளித்த வாடை வரும், விதை மூச்சுமுட்டிச் செத்துவிடும். நெல்லுக்கு மட்டும் ஒரு முழு நாள் ஊறல் வேண்டும். பிறகு தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வையுங்கள். உழவர்கள் விதைநெல்லைச் சாக்கில் கட்டிவைப்பதும் இதே முறைதான்.

ஊறுவதற்கு முன் ஒரு பயறையும் ஊறிய ஒரு பயறையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 'எது பெருசு? ஏன்?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். 'தண்ணி குடிச்சிருக்கு' என்ற பதில் குழந்தையிடமிருந்து வர நேரம் கொடுக்க வேண்டும். கேள்வி கேட்டு மூன்றே நொடியில் நாமே பதில் சொல்லிவிடுவதுதான் வீட்டுப் பாடத்தில் அதிகம் நடக்கிற தவறு.

காலையில் ஊறிய நிலக்கடலையின் தோலை உரித்து, இரண்டாகப் பிளக்கச் சொல்லுங்கள். ஒரு பாதியின் நுனியில் சின்னக் கூம்பும், அதன் உள்பக்கம் மடிந்த இரண்டு இலைகளும் இருக்கும். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தெரியும். அதுதான் குட்டிச் செடி. சுற்றியிருக்கும் பருப்பு அதற்கான சாப்பாடு. இந்த இரண்டு வாக்கியம் போதும். முளைவேர், முளைக்குருத்து, விதையிலை என்ற பாடநூல் சொற்கள் இப்போது வேண்டாம். தோல், பருப்பு, வேர், குருத்து என்ற நாலு சொல் இந்த வயதுக்கு நிறைவு. வறுத்த கடலையிலும் அந்தக் கூம்பு தெரியும், ஆனால் உயிர் இருக்காது. அதையும் ஒரு டம்ளரில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

டம்ளரில் வளர்ப்பது

பயறை மண்ணில் புதைத்தால் வேரைப் பார்க்க முடியாது. குழந்தைக்குக் காட்ட வேண்டியது வேர்தான். அதனால் முதலில் கண்ணாடி டம்ளர்.

வேட்டித் துணியை டம்ளர் உயரத்துக்கு வெட்டி, உள்சுவரை ஒட்டி ஒரு சுற்று விடுங்கள். துணி சுவரில் ஒட்டி நிற்க நடுவில் கசக்கிய செய்தித்தாளையோ பஞ்சையோ அடைக்கவும். தண்ணீர் ஊற்றித் துணி முழுதும் நனைந்ததும், அடியில் ஒரு விரற்கடை அளவு மட்டும் நிற்கவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். டம்ளரின் பாதி உயரத்தில், கண்ணாடிக்கும் துணிக்கும் இடையே ஐந்து தட்டப்பயறைச் சம இடைவெளி விட்டுச் செருகவும். இன்னொரு டம்ளரில் ஐந்து மக்காச்சோளம். மூன்றாவது டம்ளருக்குச் செத்த விதைகள்: உடைத்த பாசிப்பருப்பு, புழுங்கலரிசி, வறுத்த கடலை. நாலாவதை மூன்று நாள் கழித்துத் தொடங்குங்கள், அதிலும் ஐந்து தட்டப்பயறு. முதல் டம்ளர் கெட்டுப்போனால் அது கைகொடுக்கும். கெடாவிட்டால் 'அண்ணன் பயறு, தம்பி பயறு' என்று தினமும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

டம்ளர்களை நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். தினமும் காலை குழந்தை விரலால் துணியைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஒரு கரண்டி தண்ணீர் விடட்டும். 'தண்ணி ஊத்து' என்று மட்டும் சொன்னால் கழுத்துவரை ஊற்றிவிடும். கரண்டியைக் கணக்காகக் கொடுத்துவிடுங்கள்.

சமவெளிச் சூட்டில் தட்டப்பயறு இரண்டாம் நாள் வேர் விடும். மூன்று, நாலில் பக்கவேர் தெரியும். ஐந்தாம் நாள் வளைந்த தண்டு நிமிரும். ஒரு வாரத்துக்குள் இலை விரியும். மக்காச்சோளம் ஒரு நாள் பிந்தும். நீலகிரி, கொடைக்கானல் குளிரில் எல்லாமே பல நாள் தள்ளிப்போகும். அங்கே இரண்டு வாரம் என்பதை மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு: தட்டப்பயறு தன் பருப்பையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். மக்காச்சோளம் மணியைக் கீழேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் அனுப்பும். பெரும்பாலான குழந்தைகள் இதைச் சொல்லாமலே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால் எட்டாம் நாள் இரண்டையும் அருகருகே வைத்து 'பருப்பு எங்கே?' என்று கேளுங்கள்.

எது கெட்டுப்போகும்? முதலில், விதை தண்ணீரில் மூழ்குவது. காற்றில்லாமல் அழுகி வாடை வரும். அடுத்து பூஞ்சணம். இதில் பலரும் ஏமாறுகிறார்கள்: வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு தெரிந்ததும் பூஞ்சணம் என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது வேர்த்தூவி, அதாவது வேரில் முளைக்கும் மெல்லிய முடி. வேர்த்தூவிகள் வேர்நுனிக்குச் சற்று மேலே, வேரைச் சுற்றிச் சீராக, வெள்ளையாக இருக்கும். தண்ணீர் தெளித்தால் படிந்து மறைந்துவிடும். பூஞ்சணம் விதைத்தோலின் மேல் திட்டுத்திட்டாக, சாம்பல் நிறத்தில் இருக்கும், தெளித்தாலும் போகாது, வாடையும் வரும். பூஞ்சணம் வந்த விதையை மட்டும் எடுத்துவிட்டு, துணியை மாற்றுங்கள்.

முளைக்காத விதையைக் குழந்தை தூங்கும்போது மாற்றி வைக்காதீர்கள். ஏமாற்றம் வரட்டும். செத்த விதை டம்ளருக்கு வேலை வருவதும் இப்போதுதான். பாசிப்பயறும் பாசிப்பருப்பும் ஒன்றுதான், ஆனால் உடைக்கும்போது குட்டிச் செடி உதிர்ந்துவிட்டது. புழுங்கல் வேகவைத்த நெல். கடலை தீயில் வறுபட்டது. பச்சரிசி ஒரு மணியை உற்றுப் பார்த்தால் ஒரு முனையில் சின்னப் பள்ளம் இருக்கும், அங்கேதான் முளை இருந்தது, தீட்டும்போது போய்விட்டது. நெல்லை உரித்துப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். 'சோறு ஏன் முளைக்காது?' என்ற கேள்விக்குக் கண்ணால் பார்த்த பதில் அது.

ஆறாம் நாள் தட்டப்பயறு டம்ளரில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் படுக்கவைத்துவிடுங்கள். துணி மட்டும் ஈரமாக இருக்கட்டும். மறுநாள் வேர் நுனி கீழ்நோக்கியும் தண்டு மேல்நோக்கியும் திரும்பியிருக்கும். இரண்டு வாரத்தில் மறக்க முடியாத காலை இதுதான்.

ஒரு நாளுக்கு எவ்வளவு நேரம்

உட்கார்ந்து செய்யும் வேலை மொத்தம் ஒன்றேகால் மணிக்கு மேல் வேண்டாம், அதையும் உடைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து நிமிடம் விதை பார்ப்பது. சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் எழுத்து, பதினைந்து நிமிடம் எண். மாலை அரைமணி கைவேலை அல்லது வெளியே போவது. இரவு புத்தகம், அது கணக்கில் சேராது. குழந்தை நெளியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று இழுக்க வேண்டாம். ஒரு நாள் எழுத்து தவறினால் பாதகமில்லை. விதை பார்ப்பது மட்டும் தவறக் கூடாது.

எழுத்து

அகர வரிசையிலேயே தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அ, ஆ, இ மூன்றும் சுழியும் வளைவும் நிறைந்தவை, கைக்குக் கடினம். பெரும்பாலும் நேர்கோட்டில் அமையும் ட, ப, ம முதலில் வந்தால் இரண்டாம் நாளே 'படம்' என்ற சொல்லை வாசித்துவிட முடியும். எழுத்துகளைப் பாட்டாக ஒப்பிக்கத் தெரிவதும் எழுத்து தெரிவதும் வேறு. சொல் ஒன்றை வாசித்தால்தான் எழுத்து எதற்கென்று குழந்தைக்குப் புரியும்.

செய்முறை: அட்டையில் ஒரு சாண் உயரத்துக்கு 'ட' எழுதுங்கள். தொடங்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள். புள்ளியிலிருந்து கோட்டின் மேல் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கட்டும். புள்ளி இல்லாவிட்டால் குழந்தை பாதியிலிருந்தோ கடைசியிலிருந்தோ அடுக்கும், கையும் அதே திசையைப் பழகிவிடும். அடுக்கி முடித்ததும் விரலால் அதே திசையில் தடவட்டும். அடுத்து, தாம்பாளத்தில் அரை விரற்கடை உயரத்துக்கு ரவை பரப்பி விரலால் எழுதுவது. அரிசி மாவு வியர்த்த விரலில் ஒட்டும், அரிசி கோட்டைத் தெளிவாகக் காட்டாது. ரவையே சரி. பிறகு தரையில் சுண்ணாம்புக்கட்டி, அதன் பிறகு பலகை. பென்சிலும் நான்கு கோடு நோட்டும் இந்த இரண்டு வாரத்தில் வேண்டாம். கையைப் பிடித்து எழுதவைப்பதும் வேண்டாம்.

முதல் வாரம் ட, ப, ம, ய. இரண்டாம் வாரம் ர, ழ சேர்த்தால் மரம், பழம் வரும். டம்ளர், டப்பா ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள்: நெல், எள், பயறு, கடுகு, சோளம். இவற்றை எழுத்துக்கூட்டச் சொல்லாதீர்கள். முழுச்சொல்லாகக் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒரு வாரம் கழித்துச் சீட்டுகளைக் கழற்றி, 'எது எந்த டப்பாவுக்கு?' என்று மாற்றி ஒட்டச் சொன்னால் பாதிக்கு மேல் சரியாக வரும். ஐந்தரை, ஆறு வயதுக் குழந்தைக்கு 'வேர் வந்தது' போன்ற இரண்டு சொல் வாக்கியங்கள் கொடுக்கலாம்.

ஒலிக்கென்றும் ஒரு விளையாட்டு உண்டு. வெங்காயம், வெண்டை, வெல்லம் மூன்றையும் வைத்து நடுவில் பூண்டை வைத்து, எது வேறு ஒலியில் தொடங்குகிறது என்று கேட்பது. எழுத்து காட்டாமல் காதால் மட்டும். எழுத்து வராமல் தடுமாறும் குழந்தைகள் பலருக்கு இங்கேதான் பயிற்சி தேவைப்படுகிறது.

எண்

எண்ணுவதற்கு விதையை மிஞ்சிய பொருள் இல்லை. பத்துக் காகிதக் கிண்ணத்தில் 1 முதல் 10 வரை எழுதி அவ்வளவு கொட்டை போடுவது முதல் வேலை. பழகிய பிறகு பூஜ்யத்துக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள், அதில் எதுவும் போடக் கூடாது என்பது குழந்தைக்குப் பெரிய வேடிக்கை.

'ஒத்தையா ரெட்டையா' இந்த வயதுக்கென்றே இருக்கிற விளையாட்டு. உள்ளங்கையில் கொட்டைகளை மூடிவைத்துக் கேட்பது, திறந்து இரண்டிரண்டாகப் பிரிப்பது. பத்தைத் தாண்ட வேண்டாம்.

பல்லாங்குழி இருந்தால் எடுத்துத் தூசு தட்டுங்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. பெரியவர்கள் குழிக்கு ஐந்து போட்டு ஆடுவது வழக்கம். குழந்தைக்கு முதலில் குழிக்கு இரண்டு போதும். ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒன்றொன்றாக இடுவதை மட்டும் ஆடட்டும். ஒரு குழிக்கு ஒரு கொட்டை என்ற ஒழுங்கு கையில் படிவதுதான் இங்கே பாடம். குழியைத் தாவுவதும் ஒரே குழியில் இரண்டு போடுவதும் இயல்பு. அது நின்ற பிறகு மூன்றாக ஏற்றி, நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்ளும் விதியைச் சேர்க்கலாம். பலகை இல்லையென்றால் முட்டை அட்டையில் பதினான்கு குழி வெட்டிக்கொள்ளுங்கள்.

அளப்பதற்கு, செடி நிமிர்ந்த நாளிலிருந்து தினமும் ஒரு காகிதப் பட்டை. இரண்டு விரல் அகலப் பட்டையைச் செடியின் பக்கத்தில் நிறுத்தி, விதையிலிருந்து நுனிவரை குறித்து, குழந்தையே கத்தரிக்க வேண்டும். சுவரில் ஒட்டிய பெரிய தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, பட்டைகளை அந்தக் கோட்டின் மேல் வரிசையாக ஒட்டுங்கள். எல்லாப் பட்டையும் அடிக்கோட்டில் நிற்பது முக்கியம், இல்லாவிட்டால் சின்னது பெரிதாகத் தெரியும். எட்டு நாளில் ஒரு வரைபடம் தயார். 'எந்த நாள் ரொம்ப வளர்ந்துச்சு?' என்று கேட்டால் குழந்தை பட்டைகளைப் பார்த்தே சொல்லும். அளவுகோலும் சென்டிமீட்டரும் பிறகு வரட்டும். அதற்கு முன் குழந்தையின் சாணாலும் உங்கள் சாணாலும் ஒரே மேசையை அளந்து, ஏன் வேறு வேறு எண் வருகிறது என்று பேசுங்கள்.

கைவேலை

கைவேலை என்றால் இரண்டு வாரத்துக்கு மூன்று போதும். தினமும் ஒன்று செய்தால் வேலை முழுதும் பெரியவர் கைக்குப் போய்விடும்.

முதலாவது, தலைமுடி வளரும் கொட்டாங்குச்சி. மூன்று கண் உள்ள பாதியை எடுங்கள், மென்மையான கண்ணை ஆணியால் குத்தி வடிகால் துளை ஆக்குங்கள். வெளியே குழந்தை முகம் வரையட்டும். மண்ணும் மக்கிய எருவும் பாதிக்குப் பாதி கலந்து விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை நிரப்பி, ஒரு தேக்கரண்டிக் கடுகு தூவி, மேலே மெல்லிய மண் போர்வை. முளை தெரியும்வரை ஈரத்துணியால் மூடுங்கள், இரண்டு மூன்று நாள் ஆகும். பிறகு வெளிச்சத்துக்கு மாற்றவும். நெருக்கமாகத் தூவினால் நாற்றழுகல் வரும்: தண்டின் அடி கறுத்து மெலிந்து கூட்டமாகச் சாயும். அதனால்தான் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம் என்பது. பத்தாம் நாள் குழந்தை கத்தரியால் முடிவெட்டும். கத்தரிக்கோல் பயிற்சிக்கு இதைவிட ஆர்வமான வேலை கிடைக்காது. இரண்டாவது கொட்டாங்குச்சியில் வெந்தயம் போட்டால் வெட்டிய கீரை அன்றைய பருப்பில் சேரும்.

இரண்டாவது, பருப்பு ஒட்டும் படம். பசை வீட்டிலேயே: இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரை டம்ளர், சுமார் 100 மில்லி, பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிண்டிக்கொண்டே கண்ணாடித்தன்மை வரும்வரை காய்ச்சுங்கள். ஆறியதும் கெட்டியாகும். குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். சுவரொட்டிப் பசைக்கு மயில்துத்தம் சேர்ப்பார்கள், குழந்தை கையாளும் பசையில் அது கூடாது. தாளில் ஒட்டினால் எடை தாங்காமல் சுருண்டு உதிரும், அட்டை வேண்டும். படத்தை மூன்று பரப்புக்கு மேல் பிரிக்காதீர்கள்: இலை, தண்டு, மண் போதும். ஒரு பரப்புக்குப் பசை பூசி உடனே ஒட்டி, பிறகு அடுத்தது. முழுதும் பூசிவிட்டால் கடைசிப் பகுதி காய்ந்துவிடும். இலைக்குப் பாசிப்பயறுதான் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். ஆரஞ்சு நிற மசூர் பருப்பில் இலை வந்தால் வரட்டும். ஒட்டிய படம் நிழலில் ஒரு நாள் காய வேண்டும், வெயிலில் அட்டை வளையும். வண்டு வரும் முன் ஒரு மாதத்தில் எடுத்துவிடுங்கள். ஒட்டின பருப்பைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள். உணவுப்பொருளை வீணாக்கத் தயங்கும் வீடுகளில் வண்டு விழுந்த பழைய பருப்பை வெயிலில் காயவைத்து இதற்கென எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பறக்கும் விதை. மரத்திலேயே முற்றிக் காய்ந்த முருங்கைக்காயைப் பிளந்தால் மூன்று இறக்கை கொண்ட விதைகள் இருக்கும். ஒன்றின் இறக்கையைப் பிய்த்துவிட்டு, இறக்கையுள்ளதையும் இல்லாததையும் ஒரே நேரத்தில் மேலிருந்து விடுங்கள். பார்த்த பிறகு காகிதத்தில் ஒன்று: 3 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டை. மேலிருந்து நடுவில் 7 சென்டிமீட்டர் கத்தரித்து, இரண்டு காதையும் எதிரெதிர்ப் பக்கம் மடக்கி, அடியில் ஒரு காகிதக் கவ்வி மாட்டினால் சுழன்று இறங்கும். சுழலாவிட்டால் இரண்டு காதும் ஒரே பக்கம் மடங்கியிருக்கும். செய்தித்தாள் துவளும், சார்ட் அட்டை கனக்கும். சாதாரண எழுதுதாளே பொருத்தம்.

வெளியே

இரண்டு மாலைகள் வெளியே போங்கள். ஒரு மாலை குழந்தையின் காலில் முட்டிவரை பழைய பருத்தித் துணியைச் சுற்றி, புதர் ஓரமாகச் செருப்போடு நடக்கவிடுங்கள். வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்தால் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் ஒட்டியிருக்கும். விதை எப்படி ஊர் மாறுகிறது என்று விளக்கவே தேவையில்லை. அந்தத் துணியை அப்படியே நனைத்து ஈரமண்ணில் விரித்துவைத்தால் சில நாளில் முளைகள் வரலாம். நெருஞ்சி உள்ள தரையில் மெல்லிய செருப்பு போதாது.

இன்னொரு மாலை வெடிக்கும் காய்கள். ஊதாப் பூ பூக்கும் பட்டாசுக்காய்ச் செடியின் காய்ந்த காயைத் தண்ணீர் டம்ளரில் போட்டால் சற்று நேரத்தில் படீரென வெடிக்கும். முகத்தைத் தள்ளிவைத்துப் பார்க்கட்டும், வாயில் போட விடாதீர்கள். காசித்தும்பைக் காய் முற்றியிருந்தால் தொட்டாலே வெடிக்கும். எருக்கம்பஞ்சு சேகரிப்பதென்றால் தானாக வெடித்துக் காய்ந்த காயை மட்டும் பெரியவர் எடுக்க வேண்டும். பச்சைக் காயின் பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும்.

புத்தகம்

விதை, செடி, மரம், காய்கறி பற்றிய நாலு படப்புத்தகங்கள் இரண்டு வாரத்துக்குத் தாராளம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம், தரவிறக்கலாம். நிலை ஒன்று, இரண்டு என்று குறித்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். திரையில் காட்டுவதைவிட ஒன்றிரண்டை அச்செடுத்துத் தைத்துக் கொடுப்பது மேல், குழந்தை தானே புரட்டும். சென்னையின் துளிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படப்புத்தகங்கள் வெளியிடுகிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப்பகுதி உண்டு.

ஒரே புத்தகத்தை மூன்று இரவு வையுங்கள். முதல் இரவு படம் மட்டும், எழுத்தைப் படிக்காமல் என்ன நடக்கிறது என்று பேசுவது. இரண்டாம் இரவு விரலை வரியின் கீழ் ஓட்டியபடி அச்சிலிருப்பதை அப்படியே வாசிப்பது. மூன்றாம் இரவு குழந்தை சொல்ல நீங்கள் கேட்பது. வாசிக்கும்போது எழுத்துத் தமிழைப் பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்லும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. புரியட்டும் என்றுதான் செய்கிறோம். ஆனால் விரல் போகிற சொல்லும் காதில் விழுகிற சொல்லும் வேறானால் குழந்தையால் இரண்டையும் சேர்க்க முடியாது. அச்சிலிருப்பதை வாசித்துவிட்டு, தேவையானால் பிறகு பேச்சில் சொல்லுங்கள்.

குழந்தையின் சொந்தப் புத்தகத்தில் இதற்கு நேர்மாறு. ஒரு தாளை எட்டாக மடித்து நடுவில் கீறினால் எட்டுப் பக்கப் புத்தகம் வரும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், பயறு இன்று எப்படி இருக்கிறதோ அதை வரையட்டும். கீழே, குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். 'வாலு மாதிரி ஒண்ணு வந்துடுச்சு' என்றால் அதேதான், திருத்த வேண்டாம். தன் வாய்ச்சொல் எழுத்தாக நிற்பதைக் குழந்தை பார்க்க வேண்டும். படம் பயறு மாதிரி இல்லையென்று சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். மூன்றாம் பக்கத்திலிருந்து பக்கவேர்கள் தானாக வரத் தொடங்கும், கவனிப்பு கூடுவது அதிலேயே தெரியும்.

இந்தப் புத்தகம், பட்டை வரைபடம், இரண்டு நிழற்படம், கற்ற எழுத்துகளின் பட்டியல் ஆகியவற்றைத் தேதி போட்டு ஒரு கோப்பில் வையுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009 பேசுவது 6 முதல் 14 வயதுவரை. அந்த வயதில் பள்ளியில் சேர்ப்பதென்றால், குழந்தைக்கு என்ன தெரியும் என்று காட்ட இந்தக் கோப்பு உதவும். அரசின் ஒன்றாம் வகுப்புப் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த எழுத்து விட்டுப்போயிற்று என்று மாதம் ஒருமுறை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் முடிந்த பிறகு

டம்ளரில் உள்ள செடி அங்கேயே நீடிக்காது. பருப்பில் இருந்த சாப்பாடு தீர்ந்ததும் விதையிலைகள், அதாவது பருப்பின் இரண்டு பாதிகள், சுருங்கி உதிரும். முதல் உண்மையான இலைகள் விரிந்ததும், பத்து முதல் பன்னிரண்டு நாளுக்குள், மண்ணுக்கு மாற்றுங்கள். வேர் துணி நூலில் பின்னியிருந்தால் இழுக்காமல் துணியைச் சேர்த்தே வெட்டிப் புதைத்துவிடலாம், பருத்தி மக்கிவிடும். மாலையில் நட்டு, இரண்டு நாள் நிழல் கொடுத்து, பிறகு வெயிலுக்கு நகர்த்தவும். ஒரு அடி ஆழத் தொட்டிக்கு இரண்டு செடி. பிஞ்சுத் தண்டில் அசுவினி என்ற சின்னப் பூச்சி வந்தால் குழந்தையே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம்.

தட்டப்பயறு இரண்டு மாதத்தையொட்டிக் காய்க்கும். எல்லாக் காயையும் பறித்துச் சமைக்காமல் இரண்டு காயைச் செடியிலேயே முற்றிக் காயவிடுங்கள். குழந்தை அவற்றை உரித்து எண்ணி, நட்ட ஒரு பயறைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடட்டும். பத்துப் பத்தாகப் பிரிக்கும் பாடத்துக்கு அந்தப் பயறுகளே போதும். எண்ணியதை இரண்டு நாள் காயவைத்துக் கொஞ்சம் சாம்பலில் புரட்டி மூடிவைத்தால் வண்டு விழாது. டப்பாவின் மேல் பெயரையும் தேதியையும் இந்த முறை குழந்தையே எழுதட்டும்.